குருத்துக் கணக்கு

வேலந்தாவளம் செக்போஸ்ட்டில்
தீவன லாரியை ஓரங்கட்டி
பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.
அந்துப்பூச்சியை யாரும் நிறுத்தவில்லை.
சாவடிக்காரர்கள் கணவாய்க் காற்றைக் குற்றம் சொன்னார்கள்.
கொழிஞ்சாம்பாறையில் கேட்டால்
கிழக்கே கை நீட்டினார்கள்.

எருத்தேன்பதி வாய்க்காலுக்குத் தெற்கே
ரெண்டரை ஏக்கர், குத்தகைக் காடு.
அஞ்சு பை விதை
என் கம்மலில் முளைத்தது.
பதினெட்டாம் நாள்
இலையெல்லாம் ஜன்னல் ஜன்னலாய் வெளுப்பு.
இருபத்தஞ்சாம் நாள் குருத்துக்குள் மரத்தூள்,
யாரோ உள்ளே உட்கார்ந்து
ராவெல்லாம் கட்டில் அறுத்த மாதிரி.

கிருஷிபவன் ரெஜீனா மேடம்
புழுவை உள்ளங்கையில் விட்டுக் காட்டினார்.
'தலையைப் பாருங்க, கவிழ்த்து வைத்த ஒய்.
வாலுக்கிட்ட சதுரமா நாலு புள்ளி.
படைப்புழுதான்.'
எனக்கு அது
கவிழ்ந்த கவட்டையாகத்தான் தெரிந்தது.
பிள்ளைகள் மாங்காய்க்கு எறிந்துவிட்டுப் போட்டதுபோல.

மருந்து ஆயிரத்து நானூற்றைம்பது.
ஆறுச்சாமி இருபத்தாறு டேங்க் அடித்தார்.
மருந்து மேலே நின்றது.
தன் எச்சத்தையே கதவாக அடைத்துக்கொண்டு
புழு அடியில் கிடந்தது.

பிறகு மணல்.
சலித்து, சுண்ணாம்பு கலந்து,
குருத்துக்கு ஒரு சிட்டிகை.
பூசாரி திருநீறு போடுவதுபோல
வரிசை வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார்.
தட்டு கொண்டுபோகவில்லை,
அதுதான் வித்தியாசம்.

சாயங்காலம் தர்ஷிகா.
ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஊக்கு,
இடுப்பில் உப்புத்தண்ணி ஊற்றிய ஷாம்பு பாட்டில்.
புழுவுக்கு அம்பது காசு என்று பேச்சு.
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

நாங்கள் மூன்று பேரும்
குருத்தையே பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்
காலடியில் கோரை ஏறிவிட்டது.
சாரணை படர்ந்து வாய்க்காலை மூடியது.
யூரியா போட்டது சோளத்துக்கு.
தின்று கொழுத்தது கோரை.
ஒன்றைப் பிடுங்கினால்
அறுந்த கிழங்கு மண்ணுக்குள் கிடந்து சிரிக்கும்.
ஆள் கேட்டுப் போனேன்.
'தொழிலுறப்புல பேர் இருக்குதுங்க,
நானூத்தம்பதும் டீயும்னா ஞாயித்துக்கிழமை வர்றோம்.'
ஞாயிறு வந்தது.
நானூற்றைம்பது வரவில்லை.

தீவன மில்லுக்குப் பிடிக்கிற ஷிஹாபு
ஒரு கதிரை உரித்தார்,
இன்னொன்றை உரித்தார்,
விலை சொல்லாமல் வண்டி ஏறினார்.

அறுபத்தேழாம் நாள்
பால் பண்ணைக்குச் சைலேஜ் பிடிக்கிற ஆள் வந்தான்.
'பச்சையா வெட்டிக்கிறேன், டன் ரெண்டாயிரம்.
புழு இருந்தாலும் மாடு ஒண்ணும் கேக்காது.'
போகிறபோக்கில் கேட்டான்,
'கடைசியா மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?'

ஆறுச்சாமி என்னைப் பார்த்தார்.
நான் வரப்பைப் பார்த்து
'இருபத்தெட்டு' என்றேன்.
பதினொன்று.

மெஷின் ஒரே பகலில் தின்று முடித்தது.
குத்தகை போனது, மருந்துக்கடை போனது.
கம்மல் திரும்பவில்லை.
காட்டில் கோரை மட்டும் நின்றது,
யாரும் ஒன்றும் சொல்லாத பச்சையில்.

தர்ஷிகா நோட்டை நீட்டினாள்.
ஆயிரத்து நூற்று முப்பத்தேழு புழு.
ஐந்நூற்று அறுபத்தெட்டு ரூபாய்,
அந்த அம்பது காசையும் விடவில்லை.
'கூட்டுப்புழுவா மண்ணுக்குள்ள போனதை
நான் எண்ணலம்மா' என்றாள்.

திங்கட்கிழமை
மேற்குத் தோட்டத்துக்குக் களைவெட்டப் போனேன்.
அவர்கள் சோளம் முழங்கால் உயரம்.
இலையில் ஜன்னல்.
நான் பார்த்தேன்.
தோட்டக்காரர் இன்னும் பார்க்கவில்லை.

பத்தரைக்குத் தூக்குப்போசியில் டீ வந்தது.
சொசைட்டிப் பால், நல்ல கெட்டி.
எல்லாரும் குடித்தார்கள்.
டம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து
நானும் குடித்தேன்.